சொந்த மண்ணில் ஒரு ஆட்டம்: டமாஸ்கஸ் முதல் தோஹா வரை ஒரு கோப்பையின் கதை

2004 நவம்பர். சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸ். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு புதிதாக ஆரம்பித்த ஏஎஃப்சி கோப்பையின் முதல் ஃபைனல். மோதிய இரண்டு கிளப்களும் அதே ஊர்க்காரர்கள். ஒன்று அல்-ஜைஷ், இன்னொன்று அல்-வஹ்தா. அரபியில் அல்-ஜைஷ் என்றால் "ராணுவம்", அல்-வஹ்தா என்றால் "ஒற்றுமை".

அந்த ஃபைனல் ஒரே ஆட்டமல்ல, இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் அல்-வஹ்தாவின் சொந்த மைதானத்தில், இரண்டாவது அல்-ஜைஷின் சொந்த மைதானத்தில். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே அப்பாசியீன் ஸ்டேடியம்தான்! ஒரே ஊர், ஒரே மைதானம், ஒரே புல். ஆனால் முதல் வாரம் அல்-ஜைஷ் "விருந்தாளி", அடுத்த வாரம் அல்-வஹ்தா "விருந்தாளி".

முதல் ஆட்டத்தில் அல்-ஜைஷ் 3-2 என்று ஜெயித்தது. இரண்டாவதில் அல்-வஹ்தா 1-0 என்று ஜெயித்தது. கூட்டிப் பார்த்தால் 3-3, சமம். அப்படியானால் கோப்பை யாருக்கு? அல்-ஜைஷுக்கு. வெளியூர் மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்பது விதி. "வெளியூரில்" அல்-ஜைஷ் போட்டது மூன்று கோல், அல்-வஹ்தா போட்டது ஒன்று. ஆசியாவின் ஒரு புதிய கோப்பை, ஊரை விட்டு வெளியே போகாத ஒரு அணிக்கு "வெளியூர் கோல்" கணக்கில் கிடைத்தது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கோப்பையின் இருபது வருடக் கதையைப் புரட்டினால் இந்தச் சிரிப்புக்கு அடியில் பெரிய கேள்வி ஒன்று இருப்பது தெரியும். சொந்த மைதானம் என்றால் என்ன? அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை? இந்தக் கேள்வி 2016இல் பெங்களூருவைத் தொட்டது, 2019இல் சென்னையையும் தொட்டது.

இரண்டு ஆட்டம் எதற்கு?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டு ஆட்ட ஃபைனல் கொஞ்சம் புதிதாக இருக்கலாம். விஷயம் எளிது. உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று. இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டு, அதிகம் யாருக்கோ அவரே ஜெயித்தவர். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு "லெக்" என்பார்கள். சொந்த ஊர்க் கூட்டம், பழகிய புல், பழகிய வெயில், பயணக் களைப்பு இல்லாமை என்று சொந்த மைதானத்தில் கிடைக்கும் சாதகங்கள் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்பது இதன் நியாயம்.

கூட்டல் சமமாகிவிட்டால்? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நடுநிலை மைதானத்தில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள். அதுவும் சமமானால் காசு சுண்டினார்கள். 1965இல் லிவர்பூலுக்கும் ஜெர்மனியின் கொலோன் அணிக்கும் அதுதான் நடந்தது. மூன்று ஆட்டம் ஆடியும் முடிவு வராமல் ராட்டர்டாமில் காசு சுண்டி லிவர்பூல் ஜெயித்தது. அதிலும் முதல் தடவை சுண்டிய காசு சேற்றில் செங்குத்தாக நின்றுவிட, மறுபடி சுண்ட வேண்டியதாயிற்று!

இந்தக் கூத்துக்கு மாற்றாகத்தான் 1965 வாக்கில் வெளியூர் கோல் விதி வந்தது. வெளியூர் போகிற அணி கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு தடுப்பாட்டம் மட்டும் ஆடாமல் கோல் போடவும் முயல வேண்டும் என்பதும் ஒரு நோக்கம். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க நடைமுறையில் இருந்த இந்த விதியை ஐரோப்பியக் கூட்டமைப்பு 2021இல் எடுத்துவிட்டது.

ஐந்து ஃபைனல், பத்து இடம், பத்தும் அரபு கிளப்கள்

ஆசியாவில் வலுவான லீக் உள்ள நாடுகளின் கிளப்களுக்கு சாம்பியன்ஸ் லீக். அடுத்த வரிசையில் உள்ள நாடுகளுக்கு ஏஎஃப்சி கோப்பை. இந்தியா இரண்டாவது வரிசை. 2004 முதல் 2008 வரை இந்தக் கோப்பையின் ஃபைனல் இரண்டு ஆட்டமாகவே நடந்தது. அந்த ஐந்து முடிவுகள் இவை:

2004: அல்-ஜைஷ் (சிரியா), அல்-வஹ்தா (சிரியா). கூட்டல் 3-3, வெளியூர் கோலில் அல்-ஜைஷ்.
2005: அல்-ஃபைசலி (ஜோர்டான்) 4, நெஜ்மே (லெபனான்) 2.
2006: அல்-ஃபைசலி (ஜோர்டான்) 5, முஹர்ரக் (பஹ்ரைன்) 4.
2007: ஷபாப் அல்-உர்துன் (ஜோர்டான்) 2, அல்-ஃபைசலி (ஜோர்டான்) 1.
2008: முஹர்ரக் (பஹ்ரைன்) 10, சஃபா (லெபனான்) 5.

மொத்தம் பத்து இடம். ஜோர்டானுக்கு நான்கு, சிரியா, லெபனான், பஹ்ரைனுக்குத் தலா இரண்டு. பத்துமே அரபு கிளப்கள்.

இவற்றில் 2006 ஃபைனலைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் லெக்கில் அம்மானில் அல்-ஃபைசலி 3-0 என்று ஜெயித்தது. ஒரே ஆட்ட ஃபைனல் என்றால் கதை அங்கேயே முடிந்தது, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. பஹ்ரைனில் முஹர்ரக் நான்கு கோல் போட்டது. அல்-ஃபைசலி அங்கே இரண்டு போட்டதால் 5-4 என்று ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தப்பித்தது. தோற்ற அணியின் ரசிகனுக்கும் தன் ஊரில் தன் அணி நான்கு கோல் போட்டு ஜெயித்ததைப் பார்க்கிற ஒரு ராத்திரி கிடைத்தது. இரண்டு ஆட்ட முறையின் அழகு இதுதான். கோப்பை ஒருவருக்கு, ஆனால் ஃபைனல் இரண்டு ஊருக்கும்.

2007 ஃபைனலில் மோதிய இரண்டு கிளப்களும் அம்மான் நகரத்தவை. டமாஸ்கஸ் கதை மாதிரியே ஊர் மாறாத ஃபைனல், ஆனால் இந்தத் தடவை வெளியூர் கோலைத் தேட வேண்டிய அவசியம் வரவில்லை.

இந்திய கிளப்கள் அப்போது எங்கே இருந்தன? 2003இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கிளப் கோப்பையை ஜெயித்த ஈஸ்ட் பெங்கால் 2004 ஏஎஃப்சி கோப்பையில் கால் இறுதி வரை போனது. (ஜகார்த்தாவில் ஜெயித்த அணியில் தஞ்சாவூர்க்காரரான குலோத்துங்கனும் இருந்தார்.) கால் இறுதியில் அவர்களை வெளியேற்றியது யார் தெரியுமா? அதே அல்-ஜைஷ். 2008இல் கோவாவின் டெம்போ செமி ஃபைனல் வரை போய் லெபனானின் சஃபாவிடம் தோற்றது. 2013இல் மறுபடி ஈஸ்ட் பெங்கால் செமி ஃபைனலுக்குப் போனது. குவைத் எஸ்சி அணியிடம் அங்கே 4-2, கொல்கத்தாவில் 3-0 என்று இரண்டு லெக்கிலும் தோல்வி. ஒவ்வொரு தடவையும் வழியில் நின்றது ஒரு அரபு கிளப்.

ஒரே ஆட்டமாக மாறியது

2009இல் விதி மாறியது. ஏஎஃப்சி கோப்பை ஃபைனல் இனி ஒரே ஆட்டம். பெரும்பாலும் ஃபைனலுக்கு வந்த இரண்டில் ஒரு அணியின் மைதானத்திலேயே அது நடந்தது. அதாவது ஒரு அணிக்கு வீட்டுச் சாப்பாடு, இன்னொரு அணிக்கு ஓட்டல் சாப்பாடு. பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கிலும் 2009இல் ஒரே ஆட்ட ஃபைனல் வந்தது. ஆனால் 2013இல் அங்கே மட்டும் பழையபடி இரண்டு ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். ஏஎஃப்சி கோப்பைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்த வருடம் 2016. அந்த நவம்பரில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் தென் கொரியாவின் ஜியோன்புக்கில் ஒன்று, ஐக்கிய அரபு அமீரகத்தின் அல்-அய்னில் ஒன்று என்று இரண்டு ஊரில் நடந்தது. அதே நவம்பரில் ஏஎஃப்சி கோப்பை ஃபைனல் தோஹாவில் ஒரே ராத்திரியில் முடிந்தது. அந்த ஃபைனலில்தான் முதல் முறையாக ஒரு இந்திய கிளப் ஆடியது.

கண்டீரவாவில் ஒரு ராத்திரி

பெங்களூரு எஃப்சி 2013இல் பிறந்த கிளப். முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. 2015-16இல் மறுபடி தூக்கியது. 2016 ஏஎஃப்சி கோப்பையில் குழுச் சுற்றில் மலேசியாவின் ஜோகோர் தாருல் தாக்சிம் அணிக்கு அடுத்து இரண்டாம் இடம். பிறகு ஹாங்காங்கில் கிட்சீ அணியை 3-2 என்று வென்றது. கால் இறுதியில் சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியை இரண்டு லெக் சேர்த்து 1-0 என்று தாண்டியது. இடையில் கோச் மாறினார். ஆஷ்லி வெஸ்ட்வுட் போய் ஸ்பெயின்காரர் ஆல்பெர்ட் ரோகா வந்தார்.

செமி ஃபைனலில் மறுபடி ஜோகோர். அது 2015இல் கோப்பையை ஜெயித்த நடப்பு சாம்பியன். அந்த அணியில் எஸ். குணாளன் என்ற மலேசியத் தமிழ் ஆட்டக்காரரும் அப்போது இருந்தார். செப்டம்பர் 28 அன்று ஜோகோரில் நடந்த முதல் லெக் 1-1. அக்டோபர் 19 அன்று பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் இரண்டாவது லெக்.

இந்த ஆட்டத்தில்தான் இரண்டு லெக் கணக்கின் விறுவிறுப்பு முழுசாகத் தெரிந்தது. ஆட்டம் 0-0 என்று முடிந்திருந்தாலே ஜோகோரில் போட்ட வெளியூர் கோலால் பெங்களூரு ஃபைனலுக்குப் போயிருக்கும். ஆனால் ஜோகோர் முதலில் கோல் போட்டுவிட்டது. அந்த நிமிடம் கணக்கு தலைகீழ். இடைவேளைக்கு முன்பே சுனில் சேத்ரி சமன் செய்தார், 1-1. இப்போது இரண்டு லெக்கும் அச்சு அசலாக ஒன்று, இப்படியே முடிந்தால் எக்ஸ்ட்ரா டைம். இரண்டாம் பாதியில் சேத்ரி மறுபடி அடித்தார், 2-1. நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஜோகோர் இன்னும் ஒரே ஒரு கோல் போட்டால் 2-2, வெளியூர் கோல் கணக்கில் அவர்கள் போய்விடுவார்கள். கடைசியில் ஸ்பெயின்காரர் ஹுவானன் மூன்றாவது கோலைப் போட்ட பிறகுதான் ஸ்டேடியம் மூச்சு விட்டது. 3-1. இரண்டு லெக் சேர்த்து 4-2.

நடப்பு சாம்பியனை வீழ்த்தி ஒரு இந்திய கிளப் முதல் முறையாக ஏஎஃப்சி கோப்பை ஃபைனலுக்குப் போனது. அதைத் தன் ஊர் மக்கள் முன்னால் சாதித்தது. ஆனால் கண்டீரவாவுக்கு அந்த வருடம் கிடைத்தது அவ்வளவுதான். ஃபைனல் நடத்தும் வாய்ப்பு மேற்கு ஆசிய அணியின் பக்கம் போயிருந்தது.

வீடு இல்லாத விருந்தோம்பி

எதிரணி ஈராக்கின் அல்-குவா அல்-ஜவியா. அரபியில் "விமானப்படை" என்று அர்த்தம். 1931இல் ஆரம்பித்த பழைய கிளப், ஊர் பாக்தாத். துறை சார்ந்த அணிகள் சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் என்று சென்னை லீக்கில் பல அணிகள் உண்டு. டாங்க் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருக்கிற ஆவடியில் விமானப்படையின் பெயரில் ஒரு கால்பந்து கிளப் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆச்சரியம் வேறு இடத்தில். அன்று "சொந்த அணி" என்ற பெயரில் ஆடியது பாக்தாத் கிளப். ஆடிய இடமோ கத்தாரின் தோஹாவில் உள்ள சுஹைம் பின் ஹமத் ஸ்டேடியம். ஏன்? பாதுகாப்புக் காரணங்களால் ஈராக்கில் சர்வதேசப் போட்டி நடத்தப் பல வருடங்களாகத் தடை இருந்தது. ஈராக் அணிகள் "சொந்த" ஆட்டங்களை அயல்நாடுகளில் ஆடின. 2007இல் ஈராக் தேசிய அணி ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1-0 என்று வென்று ஆசியக் கோப்பையையே தூக்கியது. சொந்த நாட்டில் ஆட முடியாத காலத்தில் கண்டத்தின் சாம்பியன்!

நடுவில் கொஞ்ச காலம் கதவு திறந்தது. 2012 ஏஎஃப்சி கோப்பை ஃபைனல் ஈராக்கின் வடக்கே குர்திஸ்தான் பகுதியில் உள்ள எர்பில் நகரில் நடந்தது. சொந்த மண்ணில் எர்பில் அணி, எதிரே குவைத் எஸ்சி. 1990இல் ஈராக் படையெடுத்துப் பிடித்த நாட்டின் கிளப் இருபத்திரண்டு வருடம் கழித்து ஈராக் மண்ணில் வந்து ஃபைனல் ஆடியது. ஆடியதோடு நிற்காமல் 4-0 என்று ஜெயித்துக் கோப்பையையும் கொண்டு போனது. அப்புறம் கதவு மறுபடி மூடிக்கொண்டது.

ஆக, 2016 நவம்பர் 5 அன்று தோஹாவில் நின்ற இரண்டு அணிகளுமே வெளியூர்க்காரர்கள். பெங்களூரு, ஃபைனலைத் தன் ஊரில் ஆடும் வாய்ப்பு கிடைக்காத அணி. விமானப்படை, எந்த ஆட்டத்தையும் தன் ஊரில் ஆடும் வாய்ப்பு கிடைக்காத அணி. பெயருக்கு விருந்தோம்பி, ஆனால் வாடகை வீட்டில் விருந்து. கத்தாரில் வேலை பார்க்கும் இந்தியர்கள் திரண்டு வந்து கூச்சல் போட்டதில் பெங்களூருவும் அங்கே அநாதையாக இல்லை.

ஆட்டத்தின் முடிவு எல்லோருக்கும் தெரிந்தது. பெங்களூருவின் வழக்கமான கோல்கீப்பர் அம்ரிந்தர் சிங் தடை காரணமாக ஆட முடியவில்லை. அவர் இடத்தில் நின்ற லால்துவாமாவியா ரால்தே பல கோல்களைத் தடுத்தார். ஆனால் எழுபதாவது நிமிடத்தை ஒட்டி ஹம்மாதி அஹ்மத் ஒன்றைப் போட்டுவிட்டார். அந்தத் தொடரில் அவருக்கு அது 16வது கோல். 1-0. ஏஎஃப்சி கோப்பையை ஜெயித்த முதல் ஈராக் கிளப் என்ற பெயர் விமானப்படைக்கு.

இரண்டாவது லெக் இருந்திருந்தால்?

இது ரசிகர்கள் எல்லோருக்கும் வருகிற ஏக்கம். 1-0 என்பது இரண்டு லெக் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஜோகோரை 3-1 என்று அடித்த அதே கண்டீரவாவில் இன்னொரு ஆட்டம் இருந்திருந்தால் கோப்பை இந்தியாவுக்கு வந்திருக்காதா?

உணர்ச்சியை ஓரம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரே ஆட்ட முறை வந்த 2009 முதல் 2018 வரை பத்து ஃபைனல்கள். 2013இல் மோதிய இரண்டும் குவைத் அணிகள், 2014இலும் 2016இலும் ஆட்டம் நடந்தது மூன்றாம் நாட்டில். இந்த மூன்றையும் கழித்தால், ஒரு அணி நிஜமாகவே தன் நாட்டில் வெளிநாட்டு அணியோடு ஆடிய ஃபைனல்கள் ஏழு. அந்த ஏழில் சொந்த நாட்டு அணி ஜெயித்தது 2009 (குவைத் எஸ்சி), 2011 (உஸ்பெகிஸ்தானின் நசாஃப்), 2018 ஆகிய மூன்றில் மட்டும். 2010இல் சிரியாவின் அல்-இத்திஹாத் குவைத்துக்குப் போய்ப் பெனால்டியில் ஜெயித்தது. 2012இல் குவைத் எஸ்சி எர்பிலில் ஜெயித்தது. 2015இல் ஜோகோர் தஜிகிஸ்தானில் இஸ்திக்லோல் அணியை வென்றது. 2017இல் அதே தஜிகிஸ்தானில் விமானப்படை அதே இஸ்திக்லோலை வென்றது. வந்தவர் நான்கு, இருந்தவர் மூன்று!

பெங்களூருவுக்கும் இதே பாடம் சீக்கிரமே கிடைத்தது. 2017 தொடரில் மண்டலங்களுக்கு இடையிலான ஃபைனலில் இஸ்திக்லோலோடு இரண்டு லெக். அங்கே 1-0 என்று தோல்வி, அதாவது தோஹாவில் வந்த அதே ஸ்கோர். ரசிகர்கள் ஏங்கிய மாதிரியே இந்தத் தடவை இரண்டாவது லெக் கண்டீரவாவில். முடிவு 2-2. மொத்தத்தில் 3-2 என்று இஸ்திக்லோல் போய்விட்டது. "கண்டீரவாவில் ஒரு ஆட்டம் இருந்திருந்தால்" என்ற கேள்விக்கு வரலாறு ஒரு வருடத்துக்குள் பதில் சொல்லிவிட்டது.

2018 மார்ச்சில் இன்னொரு பதில். ஐஎஸ்எல் ஃபைனல், அதே கண்டீரவாவில், பெங்களூருவுக்கும் சென்னையின் எஃப்சிக்கும். சென்னை அதற்கு முன் செமி ஃபைனலில் கோவா அணியை இரண்டு லெக்கில் தாண்டி வந்திருந்தது. அங்கே 1-1, சென்னை நேரு ஸ்டேடியத்தில் 3-0. அந்த மூன்றில் ஒன்று வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் போட்டது. ஃபைனலில் பெங்களூரு ரசிகர்கள் நிறைந்த மைதானத்தில் சேத்ரி முதல் கோல் போட்டார். அதற்கப்புறம் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று. 3-2, கோப்பை சென்னைக்கு.

ஆக, சொந்த மைதானம் என்பது கோப்பைக்கு உத்தரவாதச் சீட்டு அல்ல. அப்படியானால் இரண்டு ஆட்டத்தை ஒரே ஆட்டமாக மாற்றியதில் நஷ்டமே இல்லையா?

உண்டு. ஆனால் நஷ்டப்பட்டது ஆட்டக்காரன் அல்ல, பார்க்கிறவன். 2006இல் முஹர்ரக் ரசிகனுக்குக் கிடைத்த ராத்திரி 2016இல் பெங்களூரு ரசிகனுக்குக் கிடைக்கவில்லை. ஜெயிப்பதும் தோற்பதும் அப்புறம். ஆசியாவின் ஒரு கோப்பை ஃபைனல் தன் ஊரில் நடக்கிறது, பஸ் பிடித்துப் போய் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு ஒரு ஊருக்கு எத்தனை தடவை வரும்? அந்த ஒரே தடவையும் டிவியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பத்து வயதுப் பையன் அன்று கேலரியில் உட்கார்ந்திருந்தால் அவனுக்குள் என்ன விழுந்திருக்கும் என்பதை எந்த ஸ்கோர்கார்டும் சொல்லாது.

அகமதாபாத்தில் சென்னை

இதே நஷ்டம் சென்னைக்கும் வந்தது. 2018 ஐஎஸ்எல் கோப்பையை ஜெயித்ததால் சென்னையின் எஃப்சிக்கு 2019 ஏஎஃப்சி கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது. முதலில் இலங்கையின் கொழும்பு எஃப்சியோடு இரண்டு லெக். கொழும்பில் 0-0. அடுத்து "சொந்த" மைதானத்தில் ஜெஜே கோல் போட 1-0 என்று வெற்றி. அந்தச் சொந்த மைதானம் எது? அகமதாபாத்!

ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் ரயில் ஏறினால் சென்ட்ரல் பக்கம் இறங்கி நடந்தே நேரு ஸ்டேடியத்துக்குப் போய்விடலாம். அகமதாபாத்துக்கு அதே சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை நாள். சென்னையும் கொழும்பும் மோதிய ஒரு ஆசியப் போட்டி கொழும்புக்காரனுக்குப் பக்கத்தில் நடந்தது, சென்னைக்காரனுக்கு நாட்டின் மறுகோடியில் நடந்தது. ஈராக்கைப் போல இங்கே போரும் இல்லை, தடையும் இல்லை. இருந்தும் அணி ஜெயித்ததை ஊர் நேரில் பார்க்கவில்லை.

பஸ்ராவில் முடிந்த கதை

ஈராக்கின் கதைக்கு நல்ல முடிவு ஒன்று உண்டு. 2018 மார்ச்சில் ஃபிஃபா பஸ்ரா, கர்பலா, எர்பில் ஆகிய மூன்று நகரங்களுக்கான தடையை நீக்கியது. அதே வருடம் அக்டோபர் 27 அன்று ஏஎஃப்சி கோப்பை ஃபைனல் பஸ்ராவில் நடந்தது. விமானப்படை துர்க்மெனிஸ்தானின் அல்தின் அசிர் அணியை 2-0 என்று வென்று தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்தது. முதல் கோப்பை தோஹாவில், இரண்டாவது தஜிகிஸ்தானில், மூன்றாவது சொந்த நாட்டில். பஸ்ரா பாக்தாத் அல்லதான். ஆனால் ஈராக் ரசிகன் பாஸ்போர்ட் இல்லாமல் போய்ப் பார்க்கக்கூடிய இடம்.

கதை தொடங்கிய டமாஸ்கஸில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2011இல் சிரியாவில் ஆரம்பித்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த நாட்டின் கிளப்களும் ஆசியப் போட்டிகளின் "சொந்த" ஆட்டங்களை அயல்நாடுகளில் ஆட வேண்டி வந்தது. 2004இல் ஒரே ஊரில் இரண்டு "சொந்த மைதானம்" வைத்துக்கொண்டு வேடிக்கையாக ஃபைனல் ஆடிய நாட்டுக்குப் பத்து வருடத்துக்குள் ஒன்றுகூட இல்லாமல் போனது. அப்பாசியீன் ஸ்டேடியத்தில் அந்த இரண்டு வாரங்களும் உட்கார்ந்து பார்த்த ரசிகனுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்குத் தெரிந்திருக்காது.

ஏஎஃப்சி கோப்பை 2023-24 சீசனோடு முடிந்து, சாம்பியன்ஸ் லீக் டூ என்ற புதுப் போட்டிக்கு வழிவிட்டது. அதன் இருபது வருட வரலாற்றில் ஃபைனல் வரை போன ஒரே இந்திய கிளப் பெங்களூருதான். தோஹாவில் கோப்பை கைநழுவியதற்கு விதியைக் குறை சொல்ல முடியாது. அன்று எதிரணி நன்றாக ஆடியது, கோல் போட்டது, ஜெயித்தது. ஆனால் 2008க்குப் பிறகு கைவிட்ட அந்த இரண்டாவது ஆட்டம் இருந்திருந்தால், 2016 நவம்பரில் ஒரு ராத்திரி கண்டீரவாவின் விளக்குகள் ஆசியாவின் ஒரு ஃபைனலுக்காக எரிந்திருக்கும்.